பக்கத்து வீட்டுத் துக்கம்

சோளக்காடு ஊர் நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்தபோது, முன் சீட்டிலிருந்த அம்மா ஒருவர் பக்கத்திலிருந்த இளம்பெண்ணிடம் சொன்னார்:

"உங்கூடப் பேசவே கூடாதுன்னு இருந்தேன். எங்க மாமியா எழவுக்கு நீ ஏன் கண்ணு வரலே? பக்கத்து ஊடுதானே?"

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. கூப்பிடாமல் எப்படி வாறது எண்டு எங்கட வாசல்லயே நிண்டனான்." இலங்கைத் தமிழ்.

"எழவுக்கு ஊட்டாளுங்களை யாராச்சும் கூப்புடுவாங்களா?"

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா பதறிப்போனார்.

"ஐயோ, ரொம்பத் திட்டிட்டேனா சாமி?"

"இல்லை அக்கா. அகதி முகாமை விட்டு இஞ்ச குடிவந்த நாள்முதல் எல்லாரும் மரியாதையாத்தான் கதைக்கினம். என்னை ஏசின முதல் ஆள் நீங்கள்தான்."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப மீதியையும் கேட்டுக்க."