தொழுவக் கணினியின் தொடக்கக் கோப்பு

என் பெயர் துவோமோ கல்லியோனியெமி, வயது 41. பின்லாந்து, லாபுவா நகரில் குடியிருக்கிறேன். பண்ணைக் கணினிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். பால் பண்ணை வைத்திருக்கும் ரெய்யோ ஹியேதாலாவையும் அவர் மனைவி மெர்வியையும் தொழில் முறையில் மட்டுமே அறிவேன்.

கடந்த அக்டோபர் 9ஆம் தேதி ரெய்யோ போன் செய்து, பால் கறக்கும் இயந்திரத்தை ஓட்டும் லினக்ஸ் கணினி நாற்பது விநாடிக்கு ஒரு தடவை அணைந்து, தானே மறுபடி தொடங்குகிறது, விடிந்ததிலிருந்து இதே கூத்து என்றார். நான் போய், காரணம் எதையும் தேடாமல், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழைய பிரதியை ஏற்றினேன். அதுதான் சீக்கிரம் முடியும். அதன்பின் வீட்டில் மெர்வி காபி ஊற்றிக்கொடுத்து, கோளாறு என்னவென்று கேட்டார். ரெய்யோ பக்கத்தில் இருந்தார். எதையும் பார்க்கவில்லை, ஒரேயடியாகத் துடைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அதற்கு மெர்வி, "படிச்சுப் பாத்திருக்கலாமே" என்றார். என் வேலையில் குற்றம் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

நேற்று, நவம்பர் 14ஆம் தேதி, காலை பத்து மணிக்கு அதே கோளாறு என்று ரெய்யோ மறுபடி கூப்பிட்டார். இந்த முறை காபியை அவரே ஊற்றினார். மெர்வி ஓலு நகரில் உள்ள அக்கா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். வெளியே முழங்கால் அளவு பனி. மெர்வியின் பனிக்காலணி வாசலில் இருந்ததைப் பார்த்தேன், அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

அதன்பின் தொழுவத்துக்குப் போய், என் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினேன். அக்டோபரில் சரிசெய்தது திரும்பக் கெட்டதால் எனக்கு ரோஷமாகிவிட்டது, அதனால் மட்டுமே, கணினி தொடங்கும்போது தானாக ஓடும் கட்டளைகள் உள்ள தொடக்கக் கோப்பைத் திறந்தேன். கோப்பின் கடைசியில், நாற்பது விநாடியில் மறுபடி தொடங்கச் சொல்லும் கட்டளையை யாரோ கையால் எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் சில குறிப்பு வரிகள். அத்தகைய வரிகளைக் கணினி தாண்டிப் போய்விடும், பழுது பார்க்க வருபவன்தான் படிப்பான்.

"மெர்வி எழுதுறேன். என் போனை அவர் பிடுங்கிட்டார். ஆகஸ்டுலேர்ந்து பண்ணையை விட்டு வெளியே விடல. அன்னைக்கு உங்ககிட்ட பேசினதுக்கு, இனி யார் வந்தாலும் பழைய சானா நீராவிக் குளியல் குடில்ல போட்டுப் பூட்டுவேன்னு சொல்லியிருக்கார். போன தடவை படிக்காம அழிச்சுட்டீங்க. இந்தத் தடவை படிங்க."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றேன். ரெய்யோ நான்கு அடி தள்ளி நின்று, "என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? மாடெல்லாம் மடி கட்டிக் கத்துது" என்றார். வேறு டிஸ்க் வேண்டும் என்று சொல்லி, காருக்குப் போய் அவசர உதவி எண் 112க்குப் போன் செய்தேன். அதன்பின் திரும்பி வந்து, பென்டிரைவை எடுத்துவிட்டு, அந்தக் கட்டளையை நீக்காமல் கணினியை அதன் போக்கில் விட்டேன். போலீஸ் வரும்வரை அது இருபத்தாறு தடவை அணைந்து தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் இதோ ஆயிற்று என்று ரெய்யோவிடம் சொன்னேன்.

குடிலின் கதவு வெளியே பூட்டியிருந்தது. மெர்வி கம்பளிக் காலுறையோடு பனியில் நடந்து வந்தார். என்னைக் கடக்கும்போது நின்று, "படிச்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அக்டோபரிலேயே படித்திருந்தால் ஐந்து வாரம் முன்பே அவர் வெளியே வந்திருப்பார்.

மேலே நான் போலீசிடம் சொன்னது யாவும் உண்மை. எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவது என் வழக்கம். இதை ஒரு வரி விடாமல் இரண்டு முறை படித்தபின் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) துவோமோ கல்லியோனியெமி