செந்தூல் பட்டறையின் பிரதிநிதி

பக்கிரிசாமி: மொதல்ல பலகைய அழிங்க மாமா!

சபாபதி: வகுப்புல சார்னு கூப்பிடணும்னு எத்தன தடவ சொல்றது மாப்ள...

பக்கிரிசாமி: எந்த வகுப்பு? இன்னிக்கு ஒருத்தனும் வரமாட்டான். நம்ம வகுப்பு ஜெயராஜப் புடிச்சிட்டுப் போயிட்டானுங்க.

சபாபதி: யாரு?

பக்கிரிசாமி: வேற யாரு? ஜப்பான் போலீசு. கெம்பித்தாய்.

சபாபதி: ஐயோ... எங்க வச்சு?

பக்கிரிசாமி: ரயில்வே பட்டறையில, எல்லார் முன்னாலயும். ஜப்பான் அதிகாரி எதிர்ல போயி நின்னான். "நான் இவங்களோட பிரதிநிதி. எங்களக் கேக்காம ஒருத்தரையும் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பக்கூடாது"ன்னான்.

சபாபதி: அப்படியேவா சொன்னான்?

பக்கிரிசாமி: நீங்க பலகையில எழுதிப் போட்டத ஒரு சொல்லு விடாம. கைய வேற பின்னால கட்டிக்கிட்டு... உங்கள மாதிரியே.

சபாபதி: பணிவாக் கேளுன்னுதானே சொல்லியனுப்பினேன்...

பக்கிரிசாமி: இத்தன நாளா என்ன சொல்லிக் குடுத்தீங்க? பார்லிமெண்டு, சட்டம், ஆளுறவன் சனங்களுக்குப் பதில் சொல்லணும்னு... பிரதிநிதி எங்கயாச்சும் கெஞ்சுவானா?

சபாபதி: மாப்ள, அடிச்சாங்களா?

பக்கிரிசாமி: லோரியில தூக்கித்தான் போட்டாங்க. "எவன் சொல்லிக் குடுத்தான்"னு கேட்டுக்கிட்டே அடிச்சானுங்க. அவன் உங்க பேரச் சொல்லல... இன்னும்.

சபாபதி: தண்ணி... கொஞ்சம் தண்ணி குடுங்க.

பக்கிரிசாமி: ரவாங் போற கிழங்கு லோரி பாசார்ல நிக்குது. லோரிக்கார காதர் அண்ணே ஏத்திக்கிறேன்னு சொல்லிட்டாரு. கெளம்புங்க. யாராச்சும் வந்தா, வாசல்ல எழுதியிருக்கிற மாதிரி இங்க ஜப்பான் பாஷை வகுப்புதான் நடந்துச்சுன்னு சொல்லிக்கிறேன்.

சபாபதி: எழுதிக் காட்டுன்னா? ஒரு எழுத்துத் தெரியுமா உங்களுக்கு?

பக்கிரிசாமி: வாத்தியாருக்கு மட்டும் தெரியுமாக்கும்!

சபாபதி: ...அந்தச் சட்டைய எடுங்க. போறேன்.

பக்கிரிசாமி: ரவாங்குக்குத்தானே?

சபாபதி: கெம்பித்தாய்கிட்ட. சொல்லிக் குடுத்தவன் நான்தான்னா அவன விட்டுருவாங்க.

பக்கிரிசாமி: விட மாட்டானுங்க லா! ரெண்டு பேரையும் வச்சுக்குவானுங்க. அங்க போனவன் எவன் முழுசாத் திரும்பி வந்தான்? சீதாவ நெனச்சுப் பாருங்க. இந்த மாசம் புள்ளப் பேறு... உங்க மகதானே?

சபாபதி: அவள நெனச்சுத்தான் மாப்ள... அவள நெனச்சுத்தான் அந்தப் பாவத்தப் பண்ணினேன்.

பக்கிரிசாமி: என்ன பாவம்? யாரும் அவனத் தள்ளி விடல. அதிகாரிகிட்ட பேச யாரு போறதுன்னு நாங்கதானே ஓட்டுப் போட்டோம். அவனுக்கு ஒரு பால் டின்னு, எனக்கு ஒரு பால் டின்னு. ஒவ்வொருத்தரா சாக்குத் திரைக்குப் பின்னால போயி ரப்பர் கொட்டையப் போட்டோம்.

சபாபதி: எண்ணினது யாரு?

பக்கிரிசாமி: ...நீங்க.

சபாபதி: ஜெயிச்சது ஜெயராஜ் இல்ல மாப்ள. நீங்கதான். போறவன் திரும்ப மாட்டான்னு எனக்குத் தெரியும். எம்மவ முகம் கண்ணுக்கு முன்னால வந்து நின்னுச்சு... அவன் பேரச் சொல்லிட்டேன். திட்டுங்க... காறித் துப்புங்க...

பக்கிரிசாமி: அன்னிக்கு நீங்க எண்ணி முடிச்சப்புறம் ரெண்டு டின்னையும் காலி பண்ணினது நான்தானே மாமா. என்னோடதுதான் கனமா இருந்துச்சு... சத்தம் போடாம கொட்டிட்டு வந்துட்டேன்.