கட்டைவிரல் பட்டன்

காலையில் வேலைக்குப் போனதும் நான் முதலில் மவுஸைத்தான் துடைப்பேன், இன்ஸ்பெக்டர் இபு. ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. காலை ஷிப்டில் நானும் மதிய ஷிப்டில் ஜொங்கியும் ஒரே கம்ப்யூட்டரில்தான் உட்காருகிறோம். அவன் பொரித்த டோஃபுவை இறால் சம்பல் சட்னியில் தோய்த்துத் தின்றுகொண்டே கப்பல் வரைவான். பட்டன்களுக்கு நடுவிலுள்ள இடுக்கில் மஞ்சளாக ஒரு பிசுக்கு உறைந்திருக்கும். பல்குச்சியால் நோண்டி எடுப்பேன். ஒரு நாள் அதில் மிளகாய் விதை இருந்தது. அன்று மூன்று தடவை கை கழுவினேன்.

அவனிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தேன். 'பாக்' என்று மரியாதை வைத்துத்தான் பதில் சொன்னான்.

"எண்ணெய் பட்டாத்தான், பாக் விர்யோ, மவுஸு வழுக்கிக்கிட்டு ஓடும். பாத்தாம் தீவு பூரா தேடினாலும் இந்த சர்வீஸ் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு விரலைச் சூப்பினான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வலது பட்டனை அழுத்தினால் திரையில் ஒரு மெனு விரியும். அதில் எது மேலே வர வேண்டும், எது கீழே, மவுஸின் பக்கவாட்டில் உள்ள கட்டைவிரல் பட்டன் எதைச் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் நாமே அமைத்துக்கொள்ளலாம். கை பழகிவிட்டால் அப்புறம் யாரும் மெனுவைப் படிப்பதில்லை. விரல் தன் போக்கில் போகும். எங்கள் கப்பல் கட்டும் தளத்தின் வரைபட அலுவலகம் முழுவதும் நான் அமைத்த மெனுவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆபத்தான கட்டளைகளை எல்லாவற்றுக்கும் கீழே, கோடு போட்டுத் தனியாக ஒதுக்கியிருப்பேன். வெளியிலிருந்து வந்த இன்ஜினியர்கள்கூட அதைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள்.

பிறகு எங்கள் மேலாளர் பாக் ஹெந்தார்த்தோ என்னைக் கூப்பிட்டார். "இனிமே எல்லா மெஷின்லயும் ஜொங்கி மெனுவையே போட்ருங்க. நீங்க ஒரு நாள் பூரா பண்றத அவன் அரை ஷிப்ட்லயே முடிச்சிட்டுப் போறான். மனசுல வச்சுக்காதீங்க, பாக்."

"சரி, பாக்" என்றேன். எதிர்த்துப் பேசத் தெரியாத ஜாவாக்காரன் வேறு என்ன சொல்வான்.

அந்த மெனுவைத் திறந்து பார்த்தேன். கழுவாத பாத்திரம் நிரம்பிய தொட்டி மாதிரி இருந்தது. அழிப்பதும் நகர்த்துவதும் ஒட்டுவதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதை ஒவ்வொரு மெஷினிலும் நானே போட்டேன். ஜொங்கி தன் பெயரில் நுழைந்தால் மட்டும் ஒன்று வேறாக இருக்கும்படி மாற்றி வைத்தேன்.

அவனுடைய கட்டைவிரல் பட்டன் 'மறை' என்ற கட்டளைக்கானது. முன்னால் இருக்கும் தகடுகளை மறைத்துவிட்டுப் பின்னால் இருப்பதை வரைவான், ஷிப்ட் முடியும்போது 'எல்லாவற்றையும் காட்டு' என்று ஒரு தட்டுத் தட்டுவான், திரும்ப வந்ததா என்று பார்க்காமலேயே சேமித்துவிட்டுப் போய்விடுவான். அந்தப் பட்டனை நான் 'அழி' என்று மாற்றினேன். மறைத்தாலும் அழித்தாலும் திரையில் பார்வைக்கு ஒன்றுதான், பொருள் காணாமல் போகும். அவன் கடைசியில் ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்காதது என் குற்றமா?

முதலில் காணாமல் போனவை சின்ன விஷயங்கள். ஒரு கைப்பிடிக் கம்பி, ஒரு ஏணியின் படிகள். தளத்திலிருந்து ஃபோர்மேன் வந்து எல்லார் முன்னாலும் கத்தினார்: "ஏண்டா, ஏறுறவன் பறந்தா போவான்?" ஜொங்கி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டான். அந்தக் கண்ணாடியிலும் எண்ணெய் விரல் பதிந்திருந்தது. ஆனாலும் மெனுவை யாரும் சந்தேகப்படவில்லை. "மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும்" என்று பாக் ஹெந்தார்த்தோ முடித்துவிட்டார். எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

வரைபடங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. அந்த வாரம் கப்பலின் பின்பகுதித் துண்டு ஒன்றுக்கான வரைபடம் வந்தது. கிரேன் கொக்கி மாட்டும் காதுகளில் ஒன்றுக்கு, அடியில் நின்று பலம் கொடுக்க வேண்டிய இரண்டு தகடுகள் இல்லை. பார்த்த உடனே தெரிந்தது. நான் குருடன் இல்லை.

திருப்பி அனுப்பியிருந்தால் இன்னொரு முறை தலையைச் சொறிந்திருப்பான், அவ்வளவுதான். எப்போதும் நான் பின்னாலேயே போய்த் துடைத்துக்கொண்டிருப்பதால்தானே அவனுடைய அசிங்கம் யாருக்கும் தெரிவதில்லை என்று தோன்றியது. ஒரு தடவையாவது துடைக்காமல் விட்டுப் பார்ப்போம் என்று கையெழுத்துப் போட்டேன்.

கொக்கி மாட்டும் ஆட்களுக்குத் தலைவர் மஹ்தின். புத்தோன் தீவுக்காரர், பேச்சு அதிகம் கிடையாது. துண்டைக் கட்டி முடித்து, அதைத் தூக்குவதற்கு முன்னால் அவர் என் மேசைக்கு வந்தார்.

"இது ஜொங்கி போட்ட படமாமே, பாக். இப்பல்லாம் அவன் பேரைப் பாத்தாலே எங்க பசங்க பயப்படுறாங்க. நீங்க பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"முழுசா பாத்தீங்கல்ல?"

"முழுசா பாத்தேன். தாராளமா தூக்குங்க."

"அப்ப சரி. நீங்க சொன்னா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காது பிய்ந்தபோது துண்டு அதிக உயரத்தில் இல்லை. ஆனால் மஹ்தின் அதைக் கையால் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பிறகு மற்றவர்களோடு கீழே இறங்கிப் போகவில்லை, அங்கே என்ன கிடக்கும் என்று தெரியும். எனக்கு ஆகாது.

அந்த மாலையே பட்டனைப் பழையபடி மாற்றிவிட்டேன். ஜொங்கி தானாகவே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, தன் கைதான் தகடுகளைத் தின்றுவிட்டது என்று சொன்னான். அவனைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. சாவு வீட்டில் அவன் தரையில் விழுந்து அழுததையும் பார்த்தேன். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. மஹ்தினின் மனைவி அந்த முகத்தைத் தன் முக்காட்டு நுனியால் துடைத்து, அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உன்மேல எனக்குக் கோபம் இல்லப்பா, நீ வேணும்னு செய்யல" என்றாள். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, வெளியே வந்துவிட்டேன். செய்யாத காரியத்துக்கு ஒருவன் இவ்வளவு நல்ல பேர் வாங்கலாமா? அதனால்தான் நானாகவே இங்கே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், இபு. ஜொங்கியை விட்டுவிடுங்கள். பட்டனை மாற்றியது நான், தகடு இல்லை என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டது நான், தூக்குங்கள் என்று மஹ்தினை அனுப்பியதும் நான்தான். உண்மையை மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். இதைக் கேட்டால் அந்தப் பெண் என்னையும் பார்க்க வருவாள், அவனிடம் சொன்னதை என்னிடமும் சொல்லுவாள் என்றுதான் நினைக்கிறேன். வந்தால், உள்ளே விடுவதற்கு முன்னால் ஒரு தடவை கை கழுவிக்கொள்ளச் சொல்லுங்கள்.