ஆற்றங்கரைக்கு ஏன் போகிறாள்

இப்போது ஆட்கள் எதையும் முழுதாகப் பார்ப்பதில்லை. ரீவி ஒரு பக்கம் ஓடும், கை போனைத் தடவும், வாய் எதையாவது மென்றுகொண்டிருக்கும். கடைசியில் என்ன கதை என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்பார்கள். கதையில் எதை வெட்டி எடுத்தார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. என் மனைவி தெய்வநாயகி அப்படியில்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கரைச்சல் வந்திராது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். அவள் மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே கதைப் புத்தகம் வாசித்துத் தள்ளியவள். போன மாரியில் எங்கள் தமிழ்ச் சனலில் ஒரு பழைய நாவலை நாடகமாகப் போட்டார்கள். அவளுக்கு மனப்பாடமான நாவல். ஒரு விதவை மறுமணம் முடித்து ஆற்றுக்கு இக்கரையில் வந்து இருக்கிறாள். முதல் புருசனுக்குப் பிறந்த மகன் அக்கரையில் நிற்கிறான். பின்னேரம் ஆனால் அவள் ஆற்றங்கரைக்குப் போய் நிற்பாள்.

ரீவிக்காரர் அந்த மகனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விதவை என்பதையும் எடுத்துக் கன்னிப்பெண் ஆக்கிவிட்டார்கள். ஆற்றங்கரை மட்டும் படத்துக்கு வடிவாக இருந்ததாக்கும், அதை விடவில்லை. ஒவ்வொரு கிழமையும் அவள் போய் நின்றாள்.

"இஞ்சருங்கோ, உவங்கள் பொடியனை விட்டிட்டாங்கள்" என்றாள் தெய்வநாயகி.

"விட்டா என்ன? கதை ஓடுதுதானே."

"ஓடுது. அப்ப அவ ஏன் ஆத்தங்கரைக்குப் போறா எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"காத்து வாங்க."

"ஓம், உங்கடை மூளைக்கு அதுதான் எட்டும்" என்று சிரித்தாள்.

நான் எழும்பிப் போய் பல்கனிக் கதவைத் திறந்தேன். குளிர் அடித்தது, மூடினேன். திரும்பவும் திறந்தேன். ஒரு இடத்தில் இருக்க எனக்குப் பழக்கமில்லை.

அவளும் விதவையாகத்தான் எனக்கு வந்தாள். முதல் புருசன் வேதக்காரன், கடலில் போனவன். றோய் என்று ஒரு பொடியன், அப்போது ஆறு வயது. நான் கனடாவில் பதினைந்து வருசம் தனியாகக் கிடந்துவிட்டு, 2003இல் ஊருக்குப் போய் அவளைக் கலியாணம் முடித்தேன். "முதல் நீ வா, மறுகா பொடியனை எடுப்பம்" என்றேன். அவனைத் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தாள். நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.

அவளைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் பேப்பரில் பிள்ளைகள் என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் பெயர் இல்லாமல் ஒரு கோடு கிடந்தது. எல்லாம் இங்கிலிசு, பிளாசாவில் ஒருத்தர் காசுக்கு நிரப்பித் தந்தது. நான் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

அவள் வந்து இரண்டு வருசம் கழித்து, நச்சரிப்புத் தாங்காமல் றோயைக் கூப்பிட எழுதிப்போட்டோம். மறுப்புக் கடிதம் வந்தது. ஆரோ ஒரு தெரிந்த பெடிச்சியைக் கொண்டு அதை வாசிப்பித்து, பிறகு நானே அவளுக்குச் சொன்னேன். குடிவரவுக் கந்தோர்க்காரர் விடமாட்டார்களாம் என்றேன். அது பொய்யில்லை. ஏன் விடமாட்டார்கள் என்ற ஒரு வரியைத்தான் விட்டேன். அவள் சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். பிறகு எங்களுக்குத் தேனுகா பிறந்தாள், எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

றோய் இருபத்திரண்டு வயதில், படிக்கிற விசாவில் தன்பாட்டில் வந்து சேர்ந்தான். இப்போது மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாமான் ஏற்றுகிற வேலை. மாதம் ஒருக்கால் ஸ்காபரோவுக்கு வந்து தாயோடு இருந்துவிட்டுப் போவான். என்னை அங்கிள் என்பான். இருபது வருசமானாலும் அங்கிள்தான். அப்படிப்பட்டவனை எப்படி நம்புவது?

போன பங்குனியில் அவன் எனக்குப் போன் எடுத்தான்.

"அங்கிள், அம்மான்ரை பழைய ஸ்பொன்சர் ஃபைலின்ரை கொப்பி கேட்டு எழுதினனான். வந்திட்டுது. ஈஸ்டருக்கு வரேக்கை அம்மாட்டை நானே காட்டுறன். நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

மற்றக் கிழமை தெய்வநாயகிக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமாகி ஆஸ்பத்திரியில் விட்டோம். அவள் போன் என் சட்டைப் பைக்குள் இருந்தது. பத்தொன்பது நாள்.

"மகனுக்குச் சொன்னீங்களோ?"

"சொன்னனான். வேலையாம்."

"வேலை முடிய வரட்டும்."

அடுத்த நாளும் அதே கேள்வி. கட்டிலை வாசல் பக்கம் திருப்பிவிடச் சொன்னாள். ஏன் எப்போதும் வாசலையே பார்க்கிறா என்று நேர்ஸ் தேனுகாவைக் கொண்டு என்னிடம் கேட்பித்தாள். காற்று வரும் என்று பார்க்கிறா என்றேன். தேனுகாவிடம், கொண்ணனுக்கு எல்லாம் சொல்லியாச்சு, வரமாட்டானாம் என்றேன். அவள் கோபத்தில் அவன் நம்பரைப் புளொக் பண்ணினாள். அவன் தாயின் போனுக்கு எடுத்தபோது, "அவ குளிக்கிறா", "கோயிலுக்குப் போயிட்டா" என்றேன். ஈஸ்டருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போகிறோம் என்றேன். நான் ஒருநாளும் அவனோடு சத்தம் போட்டதில்லை.

பத்தொன்பதாம் நாள் விடியற்காலை அவள் வாசலைப் பார்த்தபடியே போனாள்.

எங்கள் ஆட்கள் செத்தவுடன் றேடியோவுக்கு மரண அறிவித்தல் கொடுப்பார்கள். கிரியை எங்கே, எத்தனை மணிக்கு என்று ஊர் முழுக்கத் தெரியவேண்டும். நான் எல்லாம் எரித்து முடித்த பிறகுதான் கொடுத்தேன். "சாமித்தம்பியின் அன்பு மனைவியும், தேனுகாவின் பாசமிகு தாயும்." அவ்வளவுதான். வாசித்த பெண்ணுக்கு நல்ல குரல். றோய் அதை வேலையிடத்தில், வான் வண்டிக்குள் இருந்து கேட்டானாம்.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்தான். வந்த ஆட்கள் சாப்பிட்டுப் போனபிறகு, வாழையிலை கிடந்த மேசையில் அந்தப் பேப்பரை விரித்தான். தேனுகா சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"இந்தக் கோடு ஆர் போட்டது, அங்கிள்?"

"பேப்பர் நிரப்பினவர்."

"அவரைப் போய்ப் பாத்தனான். பிளாசாவிலை இன்னும் கடை வைச்சிருக்கிறார். உங்களை நல்லா ஞாபகமாம். வராத பிள்ளையையும் எழுதவேணும், எழுதாட்டி ஒருநாளும் கூப்பிடேலாது எண்டு உங்களுக்குச் சொன்னவராம்."

"சொன்னவர்."

"அதுக்கு நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

அன்றைக்கு அந்தக் கடைக்காரர் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். எனக்கு அந்தக் கடைக்குள் இருக்கப் பிடிக்கவில்லை. அப்படியெண்டா கோட்டைப் போடுங்கோ என்றேன். அதைத்தான் இவனுக்கும் சொன்னேன்.

"அப்பா, அண்ணாக்கு போன் பண்ணவே இல்லையா? சீரியஸ்லி?" என்றாள் தேனுகா.

"இல்லை."

றோய் சத்தம் போடுவான் என்று பார்த்தேன். அவன் கதிரையில் இருந்து, "அம்மா என்னைக் கேட்டவவோ?" என்றான்.

"ஒவ்வொரு நாளும்" என்றேன். அதை நான் மறைக்கவில்லை.

பொடியன் மேசையில் முகத்தை வைத்துக்கொண்டான். இருபத்தெட்டு வயது ஆம்பிளை. தேனுகா போய் அவன் முதுகில் கை வைத்தாள், என்னைப் பார்க்கவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து லிப்ட்டை அமத்தினேன். அது வரப் பிந்தியது, படியால் இறங்கினேன்.

இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். அவன் இல்லாமல் இருபது வருசம் எங்கள் வீடு ஓடியதுதானே. அந்த நாடகமும் ஓடி முடிந்தது, ஒருத்தரும் சனலுக்கு எழுதிக் கேட்கவில்லை. இவர்கள் இதைப் பெரிதாக்குகிறார்கள்.

தேனுகா அவனோடு மிசிசாகாவுக்குப் போய்விட்டாள். எனக்குக் குறையில்லை. பின்னேரம் ஆனால் பஸ் எடுத்து அந்த ஆஸ்பத்திரி வாசல்வரை போய், கொஞ்சம் நின்றுவிட்டு வருகிறேன். டொக்டர் நடக்கச் சொன்னவர். அந்தப் பக்கம் நடைபாதை நல்லது.