கேபிளில் இருந்த வளையம்

அய்யா, ஆன்டெனா என்றால் மாடியில் இழுத்துக் கட்டிய கம்பி மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். கவனிக்காமல் விட்டால், அந்தக் கம்பிக்குப் போகும் கேபிளும் தன் பங்குக்கு ஆன்டெனாவாகிவிடும். அனுப்பும் சக்தியில் ஒரு பகுதி கேபிளின் வெளிப்பின்னல் வழியே இறங்கி, வருகிற வழியெல்லாம் பரவும். கம்பியோடு சேருமிடத்தில் கேபிளை ஃபெரைட் என்னும் காந்தப்பொருளால் ஆன ஒரு வளையத்தில் சில சுற்றுகள் சுற்றினால் அடங்கிவிடும். அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது தெரியும்.

என் கேபிள் இறங்குகிற சுவருக்கு அந்தப் பக்கம் வீரபாகுவின் தறிக்கூடம். கம்ப்யூட்டர் பெட்டி வைத்த பட்டு விசைத்தறியை வாங்கிய புதிதில் அவர் என் வாசலுக்கு வந்தார்.

"சாந்திநாதன் சார், நீங்க மைக்ல பேசறப்போ, நிறுத்தி வெச்ச தறி தானா ஓடுது. அறுந்த இழைய முடிய கைய உள்ள வுட்டுகினு இருந்தேன். கொஞ்சத்துல தப்பிச்சேன்."

"மெயின ஆஃப் பண்ணிட்டு கை வைக்கலாமே."

"ஆஃப் பண்ணா பூ எந்த எடத்துல நின்னுதுன்னு பொட்டி மறந்துடும் சார். சேலையே போச்சு. ஆரணியில எவன் ஆஃப் பண்றான்?"

அன்றே வளையத்தைப் பொருத்தினேன். தொந்தரவு நின்றது. அவர் மருமகள் சுபலட்சுமி ஒரு தட்டில் கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

என் மனைவி மனோன்மணி புற்றுநோயில் படுத்திருந்தாள். கடைசியில் அவள் கேட்டதெல்லாம் தறிச் சத்தம் இல்லாத கொஞ்ச நேரம். நான் போய்க் கேட்டேன்.

"முகூர்த்த மாசம் சார். எனக்கே ஆயிரம் பேஜார். அம்மா காதுல பஞ்சு வெச்சு உடுங்க" என்றார் வீரபாகு. கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பஞ்சு வைத்தேன். அதனால் நான் கடைசியாகச் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.

காரியங்கள் முடிந்ததும் மாடியேறி வளையத்தைக் கழற்றினேன். கோபம் இல்லை. நாங்கள் சமணர்கள்; பூச்சி விழும் என்று பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர்கள். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தறி ஓடும்போது பேசிப் பயனில்லை. நிற்க வேண்டும். நின்றால் இழை அறுந்திருக்கிறது, உள்ளே ஒரு கை இருக்கிறது என்று பொருள்.

செவ்வாய்க்கிழமை காலை நின்றது.

உள்ளே இருந்தது வீரபாகு என்று நினைத்ததாக முன்பு விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. அவர் கண்ணமங்கலத்துக்குப் பஸ் ஏறியதைப் பார்த்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், "இருடி, இந்த ஒரு இழைய முடிச்சிட்டு வரேன்" என்று சுபலட்சுமி யாரிடமோ சொன்னது தெளிவாகக் கேட்டது. வீரபாகுவின் கையென்றால் வலி அவரோடு போயிருக்கும். வலிக்கிறவர் பக்கத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று அவரும் பார்க்கட்டும் என்று தோன்றியது. இப்போது வேலூர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறார். கூடம் பூட்டியிருக்கிறது. தெரு அமைதியாக இருக்கிறது.

உங்கள் அறிக்கையில் நான் விதியை மதிக்காமல் ஒலிபரப்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்த வேண்டுகிறேன். பேசத் தொடங்குமுன் அந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறார்களா என்று மைக்கில் கேட்பது எங்கள் முறை. நான் கேட்டேன். கேட்டபோதே தறி ஓடத் தொடங்கியது. முறைப்படி இன்னொரு தடவையும் நிதானமாகக் கேட்டேன். அலைவரிசையில் யாரும் இல்லை.