அக்கா மாதிரி கண்ணு

— எழுந்திருடி, போலாம். இன்னும் நம்மளக் கூப்பிடலையே, அப்படியே நழுவிடலாம்.

— உக்காருக்கா. எத்தனை தடவை எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருவே? ஆபரேஷன் உனக்கா, எனக்கா?

— உன் கண்ணுக்கு என்னடி குறைச்சல்?

— வரவேற்பு மேசையில உக்கார்றவ நான். வர்றவங்க எல்லாம் "தூக்கமாம்மா?"ங்கறாங்க. சிரிச்சாலும் முறைக்கிறேனாம். நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துட்டா போதும், "ஒரே வயித்துலயா பொறந்தீங்க?"

— சொல்றவங்க வாயில மண்ணு விழ. வேணாம்டி. மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கும். தூங்கினாக்கூட கண்ணு முழுசா மூடாது. மருந்து ஊத்தி ஊத்தி எரியும்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— யாரோ சொன்னாங்க. எவளோ ஒருத்தி.

— நீ பேசுவே. பொறக்கும்போதே அழகான கண்ணை வாங்கிட்டு வந்தவ. அந்தத் திமிர்தானே, உன் கல்யாணத்தன்னைக்கு மை வச்சு விடறேன்னு கெஞ்சினேன், இமையத் தொட விட்டியா?

— கூசும்டி எனக்கு.

— உள்ள வாங்கம்மா. யாருக்குப் பார்க்கணும்?

— எனக்குத்தான் டாக்டர். அக்கா சும்மா காவலுக்கு.

— நெத்தியைச் சுருக்காம நேராப் பாருங்க. பார்த்தீங்களா, முடியல. புருவத்தைத் தூக்கித் தூக்கியே பார்த்துப் பழகிட்டீங்க. சாயங்காலமானா தலை வலிக்குமே?

— ஐயோ, ஆமா டாக்டர்!

— இமையில தொங்கற தோலை வெட்டித் தைக்கலாம். வேணும்னா புருவத்தையும் கொஞ்சம் ஏத்தலாம். புருவ எலும்பு துருத்திட்டு இருக்குதான், ஆனா அதைச் செதுக்கறது பெரிய வேலை. உங்களுக்கு அவசியமில்ல. எப்படி வரணும்னு போட்டோ கொண்டு வந்தீங்களா?

— போட்டோ எதுக்கு, ஆளையே இழுத்துட்டு வந்திருக்கேன். இதோ அக்கா கண்ணு. அச்சு அசலா இதே வேணும்.

— நல்ல மடிப்பு. அக்காதங்கச்சின்னா ஒப்பிட்டுப் பார்க்க வசதி. நீங்க இந்த விளக்குக்குக் கீழ வந்து கண்ணை மூடுங்கம்மா. இமையில தோல் எவ்வளவு இருக்குன்னு பார்த்துக்கறேன்.

— வேணாம் டாக்டர்.

— மூடேன்க்கா. ஒரு நிமிஷ வேலை.

— வெளிச்சம் கண்ணைக் குத்துது.

— குத்தினா மூடத்தானே செய்வாங்க! எனக்காகக்கா.

— மூடினா தையல் தழும்பு தெரியும்டி. நீ பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாடி, எனக்கும் உன் கண்ணுதான்.