கட்டை போட்டாச்சு

உங்கள் மேசை சமமாக இல்லை சார். இந்த டம்ளரைப் பாருங்கள், டீ உங்கள் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. உங்கள் பக்கத்துக் காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எனக்கு இதெல்லாம் கண்ணில் படும், அவ்வளவுதான்.

கேரவனில் இது என் வேலை. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வண்டி அது. உள்ளே நாலு படுக்கை, ஒரு மேசை, ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். திருட்டுக்குப் பயந்து ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. முதலாளியின் அப்பாவுடையது. முதலாளி என்றால் நிஜ முதலாளி இல்லை, என் வகுப்புத் தோழன். வண்டி அவன் வீட்டுடையது என்பதால் அந்தப் பெயர். ஒல்லி ஜீப் ஓட்டுவான். டாக்டர் என்பவன் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் எங்களோடு வணிகவியல் படிக்க வந்தவன். அந்தத் துக்கத்தில் எல்லோருக்கும் வைத்தியம் சொல்வான். என்னை ஸ்டெப்னி என்பார்கள். வண்டிக்குப் பின்னால் ஒரு சக்கரம் சும்மா தொங்கிக்கொண்டு வருமே, அதுதான்.

சனிக்கிழமையானால் ஊரை விட்டுக் கிளம்பிவிடுவோம். மலையடிவாரம், ஆற்றங்கரை, ஏரிக்கரை. போய்ச் சேர்ந்ததும் மூன்று பேரும் இறங்கி இயற்கையை ரசிப்பார்கள். நான் வண்டியை நிறுத்துவேன். டம்ளரில் தண்ணீர் நிரப்பி உள்ளே மேசைமேல் வைத்து, தண்ணீர் சமமாக நிற்கும்வரை சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து, மூலைக்கு ஒன்றாக இருக்கும் கால்களைத் திருகி இறக்கி, இரண்டு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, கடைசியில் ஜீப்பைக் கழற்றுவேன். அந்த வண்டியின் கைப்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. சரிசெய்யச் சொன்னால் அப்பா வண்டியையே தரமாட்டார் என்று முதலாளி வாயைத் திறக்கவில்லை. ஆகவே வண்டியைப் பிடித்து வைத்திருந்தவை அந்தக் கட்டைகளும் கால்களும்தான். எல்லாம் முடிந்ததும், "கட்டை போட்டாச்சு" என்று நான் குரல் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் யாரும் உள்ளே ஏறலாம். அது எங்கள் சட்டம். பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. பேசாமல் ஏறிப் போய்ப் படுப்பார்கள்.

நான் வெளியே கூடாரத்தில் படுப்பேன். நாலு பேர், நாலு படுக்கை, கணக்கில் தவறில்லை. தவறு என் மூக்கில் இருந்தது. முதல் பயணத்திலேயே மறுநாள் காலை மூன்று பேரும் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"டேய் ஸ்டெப்னி, அது குறட்டையாடா, இல்ல லாரி ஏதாவது உள்ள வந்துட்டுப் போச்சா?" என்றான் ஒல்லி.

"சிரிக்காதீங்கடா. மச்சான், உனக்கு மூச்சு அடைக்குது. நீ காத்தோட்டமா படுக்கணும்," என்றான் டாக்டர்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். என் படுக்கையில் முதலாளியின் பெரிய ஸ்பீக்கர் படுத்துக்கொண்டது. மழை பெய்தபோதும் அது நனையவில்லை.

வெளியே படுக்கிறவனுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. கேரவன் கதவு காற்றில் அடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் ஒரு கொக்கி உண்டு. அவர்கள் படுத்ததும் நான் அதை மாட்ட வேண்டும். எழுந்ததும் டீ போட்டு வைத்துவிட்டுக் கழற்ற வேண்டும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் வீட்டில் சொன்னேன், மூக்கில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன் என்று.

"குறட்டையா? நீயா?" என்றாள் அம்மா. "நீ இருக்கியா இல்லையான்னு நான்ல வந்து எட்டிப் பாத்துட்டுப் போறேன். அவ்ளோ சத்தமில்லாம தூங்குற புள்ளைடா நீ."

பெற்ற பாசம் காதை அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூக்கு மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, உள்ளே எலும்பு லேசாக வளைந்திருக்கிறது என்றார். யார் மூக்கை அப்படி விளக்கடித்துப் பார்த்தாலும் ஏதாவது வளைந்துதான் இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அறுத்தார்கள். இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டபடி கிடந்தேன். அந்த நாட்களில் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன் சார். மேல் படுக்கையைக் கேட்பதா, கீழ் படுக்கையைக் கேட்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பயணம் இந்த ஏரிக்கரைக்கு. இடத்தைத் தேர்ந்தெடுத்தது முதலாளி. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிய வேண்டுமாம். சரிவு அதிகம் என்று நான் சொன்னேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"நீ இருக்கும்போது என்னடா கவலை?" என்றான் அவன். என்னைப் பற்றி அவன் நல்லதாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

பலகை, கால்கள், கட்டை. குரல் கொடுத்தேன். நாலு பேருக்கும் அம்மா கட்டிக் கொடுத்திருந்த சாப்பாட்டை முடித்துவிட்டு மூவரும் மதியத் தூக்கத்துக்கு ஏறினார்கள். நான் என் பையோடு பின்னாலேயே ஏறினேன்.

"எங்கடா வர்ற?" என்றான் ஒல்லி.

"மூக்கு ஆபரேஷன் பண்ணிட்டேன்டா. இனிமே குறட்டை வராது."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒல்லிக்குத்தான் சிரிப்பு வெடித்தது.

"டேய் லூசு, நெசமாவே போய் அறுத்துக்கிட்டியா? நீ என்னைக்குடா குறட்டை விட்ட?"

"ஸ்பீக்கர் வைக்க இடமில்லன்னு இவன் குடுத்த ஐடியாடா அது," என்று டாக்டர் முதலாளியைக் காட்டினான். "கண்ணுக்கடியில தைலம் தேச்சுக்கிட்டுல்ல உக்காந்திருந்தோம்."

முதலாளி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கோச்சுக்காத மாப்ள. அடுத்த தடவ பாத்துக்கலாம். இப்ப எறங்கு, கதவச் சாத்து. காத்து அடிக்குது பாரு."

நானும் சிரித்தேன். கல்லூரி மலரில் நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறவன் நான். அடுத்தவன் திறமையை மதிக்கத் தெரியும். இறங்கினேன். கதவைச் சாத்தினேன். கொக்கியை மாட்டினேன். சொன்னதைத்தான் செய்தேன்.

மறுபடியும் கூடாரத்தைப் போட்டுப் படுத்தால் தலைக்கு உயரமாக ஒன்றுமில்லை. மூக்கில் அறுத்தவன் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு. வண்டிக்கு அடியில் இரண்டு கட்டைகள் இருந்தன.

முதலில் மூலைக் கால்களைத் திருகி மேலே ஏற்றினேன். ஏற்றாவிட்டால் அவை தரையில் ஊன்றிக்கொண்டு வண்டியை விடாது.

"டேய், என்னடா ஆடுது?" என்று உள்ளேயிருந்து ஒல்லி கேட்டான்.

"காத்துடா. தூங்கு," என்றேன். பொய்தான். அவர்கள் என்னிடம் சொன்ன பொய்யோடு வைத்துப் பார்த்தால் ரொம்பச் சின்னது.

ஒரு கட்டை கையோடு வந்துவிட்டது. இன்னொன்று இறுகியிருந்தது, சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. வைத்தால் குரல் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குள் சட்டம் உண்டு. எடுத்தால் சொல்ல வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

நான் தள்ளவில்லை. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் சொல்கிறேன், தள்ள வேண்டிய தேவையே இருக்கவில்லை. வண்டி மெதுவாகத்தான் கிளம்பியது. தண்ணீரில் இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் மிதந்தது. சமமாகவே மிதந்தது சார். மேசைமேல் டம்ளர் வைத்திருந்தால் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. கதவை உள்ளிருந்து தட்டினார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள். மூன்று பேரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஸ்டெப்னி என்று ஒருவனும் கூப்பிடவில்லை. என் நிஜப் பெயர் அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். ஆனால் மூக்குக்குள் தண்ணீர் போகவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

பிறகு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். கிரேன் வண்டியைக் கரையேற்றியபோது உங்கள் ஆட்கள் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சக்கரத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. அதே சரிவு. நான்தான் கூடாரத்துக்குள் ஓடி, தலைமாட்டில் இருந்த கட்டைகளைக் கொண்டுவந்து வைத்தேன். கட்டை எப்படிக் கூடாரத்துக்குள் போனது என்று அதனால்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்ததாம். பரவாயில்லை. வைக்காமல் விட்டிருந்தால் வண்டி மறுபடி உருண்டு உங்கள் ஆட்களில் யார் மேலாவது ஏறியிருக்கும். அதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற ஆள் இல்லை நான்.

வைத்து முடித்ததும் வழக்கம்போல, "கட்டை போட்டாச்சு" என்று குரல் கொடுத்தேன். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை சார். அவர்கள் எப்போதுமே பதில் சொன்னதில்லை.